அப்லார் என்னும் வினையின் நூற்றெட்டு வடிவங்களும் ரிச்சர்ட்ஸ் டவுனில் அவற்றின் வழக்கும்

ஸ்பானிய மொழியில் 'பேசு' என்று பொருள்படும் அப்லார் என்னும் வினை, எழுதும்போது ஹகரத்துக்குரிய ஓர் எழுத்தை முதலில் வைத்துக்கொண்டு, ஒலிக்கும்போது அதை முற்றாக விழுங்கிவிடுவது. பேசுதலைக் குறிக்கும் சொல்லே தன் முதலெழுத்தைப் பேச மறுக்கிறது என்பது அறிஞர்கள் இதுவரை உரிய கவலையோடு நோக்காத செய்தியாகும். இவ்வினை காலத்துக்கும் இடத்துக்கும் எண்ணுக்கும் ஏற்ப எவ்வாறு திரிகிறது என்பதையும், அத்திரிபுகள் பெங்களூரின் ரிச்சர்ட்ஸ் டவுனில் வாழும் தமிழர் பேச்சில் ஏற்கெனவே எவ்வளவு தூரம் குடியேறியிருக்கின்றன என்பதையும் நிறுவுவதே இவ்வாய்வின் நோக்கம்.

ஆய்வுக்களமாக ரிச்சர்ட்ஸ் டவுனைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் கூற வேண்டியுள்ளது. 1809இல் ஆங்கிலேயர் படைத்தளமாக அமைக்கப்பட்டு, 1947இல் மைசூர் அரசிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்ட கன்டோன்மென்ட்டின் விரிவாக எழுந்த இப்பகுதியில், படையோடும் படைக்கு வேண்டிய சரக்கோடும் வந்த தமிழர் தலைமுறைகளாகத் தங்கிவிட்டனர். ஒரே தெருவில் தமிழ், கன்னடம், தக்னி உருது, ஆங்கிலம் ஆகியவற்றை மாறி மாறிப் பேசிப் பழகிய இவர்களுக்கு ஐந்தாவது மொழி ஒன்று அச்சம் தருவதில்லை. மேலும், ரிச்சர்ட்ஸ் பூங்காவைக் காலையில் சுற்றி வருவோரில் சிலர் காதில் கருவி செருகிக்கொண்டு, கைப்பேசி கற்பிக்கும் ஸ்பானிய வினைகளை முணுமுணுத்தபடி நடப்பதால், எதிரே வருபவர் தமக்குத்தான் வணக்கம் சொல்லப்படுகிறது என்று எண்ணிப் பதில் வணக்கம் கூறும் நிலையும் அங்கு உண்டு.

ஐரோப்பிய வினையைத் தமிழ் இலக்கணத்தின் கண்ணால் காண்பது முறையா என்ற ஐயம் எழலாம். 16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறையில் பணியாற்றிய போர்த்துக்கீசிய ஏசுசபைத் துறவி என்றிக் என்றிக்கசு, தமிழ் வினைகளை இலத்தீன் இலக்கணத்தின் அச்சுக்குள் அழுத்தி ஓர் இலக்கணம் எழுதியபோது தமிழ் வினைகளிடம் எவரும் இசைவு கேட்கவில்லை. அந்தக் கடனை நானூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின், வட்டி எதுவும் கூட்டாமல், நன்னூலின் துணைகொண்டு திருப்பிச் செலுத்துவது தகுதியானதே. நன்னூலைப் பவணந்தி முனிவரிடம் கேட்டுப் பெற்ற சீயகங்கன் கங்கர் குலத்தவன் என்பதும், அக்குலத்தின் பழைய தலைநகரான கோலார் ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து பழைய மெட்ராஸ் ரோடு வழியே சுமார் 70 கிலோமீட்டரில் உள்ளது என்பதும் இவ்வாய்வுக்குப் போதிய உள்ளூர் உரிமையைத் தருகின்றன.

முதலில் எண்ணிக்கை. ஸ்பானிய வினைகள் ஆர், ஏர், ஈர் என்னும் மூன்று ஈறுகளால் மூன்று வகுப்பாகின்றன. அப்லார் முதல் வகுப்பின் ஒழுங்கான வினை, அதாவது இதன் திரிபைக் கற்றவர் அவ்வகுப்பின் பிற ஒழுங்கான வினைகளையும் கற்றவராவார். தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் மூவிடமும் ஒருமை, பன்மை என்னும் இரண்டெண்ணும் பெருகி ஆறு. நடப்பதை நடப்பதாகச் சொல்லும் உறுதிப்பாங்கில் தனிக்காலங்கள் ஐந்து. விருப்பம், ஐயம், அச்சம் ஆகியவற்றைச் சொல்லும் விழைவுப்பாங்கில், இறந்தகாலத்துக்கு உள்ள இரு வடிவங்களையும் தனித்தனியே கொண்டால், நான்கு. ஒன்பதை ஆறால் பெருக்க ஐம்பத்து நான்கு வரும். இவை ஒவ்வொன்றுக்கும் துணைவினை சேர்ந்த கூட்டுக்காலம் ஒன்று உண்டு என்பதால் மொத்தம் நூற்றெட்டு ஆகிறது. ஏவலும் எச்சங்களும் இக்கணக்கில் சேரவில்லை. சில இடங்களில் வடிவம் ஒன்றாகவே நிற்பதும் உண்மை. ஆயினும் எண் நூற்றெட்டு என்று கண்டபின், அதைக் குறைக்கும் திருத்தங்களை எந்தத் தமிழ் ஆய்வாளரும் மனமுவந்து செய்யமாட்டார். செய்து, செய்பு, செய்யா, செய்யூ என்று தொடங்கிப் பான், பாக்கு வரை வினையெச்ச வாய்பாடுகள் பன்னிரண்டைப் பள்ளியில் ஒப்பித்த சமுதாயத்துக்கு இது ஓர் அருச்சனையின் அளவே.

அடுத்து உறுப்பிலக்கணம். 'நாங்கள் பேசிவந்தோம்' என்னும் பொருளுடைய அப்லாபமொஸ் என்ற வடிவை நன்னூலார் கையில் கொடுத்தால், அப்ல் பகுதி, ஆகாரம் வகுப்பு காட்டும் சாரியை, பகரம் இறந்தகால இடைநிலை, மொஸ் தன்மைப் பன்மை வினைமுற்று விகுதி என்று ஒரு நொடியில் பிரித்துத் தந்திருப்பார். 'பேசினோம்' என்பதில் பேசு, இன், ஓம் என்று பகுதியும் இடைநிலையும் விகுதியும் எந்த வரிசையில் நிற்கின்றனவோ அதே வரிசையில்தான் இவையும் நிற்கின்றன. விகுதியே ஆளைக் காட்டிவிடுவதால் இரு மொழியும் எழுவாயை வீட்டிலேயே விட்டுவிட்டு வரலாம். ஆங்கிலத்துக்கு இந்தச் சுதந்திரம் இல்லை. ஒரு குறையும் உண்டு: நிகழ்காலத்தில் 'பேசுகிறோம்' என்பதும் இறந்தகாலத்தில் 'பேசினோம்' என்பதும் ஸ்பானியத்தில் அப்லாமொஸ் என்ற ஒரே வடிவம் பெறுகின்றன. குடியிருப்போர் சங்கக் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்பை எழுதுவோர்க்கு இதைவிட வசதியான மொழி அமையாது. பேசி முடித்தாயிற்றா, இன்னும் பேச்சு நடக்கிறதா என்பதை அவர்கள் வெளிப்படுத்த வேண்டியதில்லை.

ஒலியழுத்தம் பற்றிய சிக்கல் இதனினும் ஆழமானது. முதலசையை அழுத்தினால் 'நான் பேசுகிறேன்'. அதே சொல்லின் கடையசையை அழுத்தினால் 'அவர் பேசினார்'. எழுத்தின்மேல் இடும் ஒரு சிறு கோடு ஆளையும் காலத்தையும் ஒருசேர மாற்றிவிடுகிறது. தமிழில் அழுத்தக்குறி இல்லாததால், அழுத்தம் பெறும் உயிரை நெடிலாகவும் பெறாததைக் குறிலாகவும் எழுதும் முறையை இவ்வாய்வு முன்வைக்கிறது: ஆப்லொ என்றால் தன்மை நிகழ்காலம், அப்லோ என்றால் படர்க்கை இறந்தகாலம். இங்கே மரபிலக்கணம் குறுக்கே வருகிறது. குற்றெகரம் மெய்யோடு சேர்ந்து சொல்லின் ஈறாகாது. குற்றொகரம் 'நொ' என்னும் ஒரே சொல்லில் மட்டும் ஈறாகலாம். ஆகவே மரபைக் காக்க விரும்பும் ரிச்சர்ட்ஸ் டவுன்வாசி எவரும் ஸ்பானியத்தில் தன்னைப் பற்றி நிகழ்காலத்தில் எதுவும் சொல்ல இயலாது, பிறரைப் பற்றி இறந்தகாலத்தில் எவ்வளவும் பேசலாம் என்ற முடிவு கிட்டுகிறது. பூங்கா இருக்கைகளின் நடைமுறையும் இதற்கு மாறாக இல்லை. எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வரிவடிவில் பிரித்துக் காட்டிய சீர்திருத்தம் வீரமாமுனிவருடையது என்பர். அந்த இத்தாலியர் செய்த உதவியால்தான் ஒரு ஸ்பானிய இறந்தகாலம் தமிழ் எழுத்தில் பிழையின்றி நிற்கிறது.

மரியாதை முன்னிலைக்கு ஸ்பானியம் உஸ்தேத் என்ற சொல்லை வைத்திருக்கிறது. 'தங்கள் அருள்' என்பது போன்ற பழைய விளித்தொடர் தேய்ந்து பிறந்த சொல் ஆதலால், எதிரே நிற்பவரிடம் பேசும்போதும் இது படர்க்கை வினையையே ஏற்கும். கற்பவர் பலர் இதில் தடுமாறுகின்றனர். ஆனால் ரிச்சர்ட்ஸ் டவுன் ஆட்டோ ஓட்டுநர், வண்டியில் ஏற வரும் ஆளின் முகத்தைப் பார்த்து, "சார் எங்க போறாரு?" என்று அவரிடமே கேட்கும்போது இந்த விதியைப் பிழையறக் கையாளுகிறார்.

கூட்டுக்காலங்களிலும் இதே அண்மை தென்படுகிறது. எ அப்லாதொ என்பது துணைவினையின் நிகழ்காலத்தோடு எச்சம் சேர்ந்து 'பேசியிருக்கிறேன்' என நிற்பது. எஸ்தோய் அப்லாந்தொ 'பேசிக்கொண்டிருக்கிறேன்'. அப்லரே என்னும் எதிர்காலம் வினைப்பெயரோடு 'உடைத்தாயிரு' என்னும் துணைவினை ஒட்டி உருவானது. 'பேசவிருக்கிறேன்' என்பதற்கு இது மிக நெருங்கிய உறவு. அன்றாடப் பேச்சில் இதற்கு மாற்றாக வழங்குவது 'செல்' என்னும் வினையைத் துணைகொண்ட தொடர். 'பேசப் போகிறேன்' என்று தமிழ் சொல்வதை அது போய் அ அப்லார் என்று சொல்கிறது. இதில் வரும் போய் தமிழ்ப் போய்தான் என்று நிறுவி, அதன்வழி ஸ்பெயின் நாட்டுக்குக் குமரியிலிருந்து கப்பல் விட முனைவோர் உடனே எழுவர் என்பதால், இது முழுக்கத் தற்செயல் என்பதை இங்கேயே பதிவுசெய்வது நல்லது.

ஆய்வின் உயிர்நிலை ஸ்பானியத்தின் இரண்டு இறந்தகாலங்களில் உள்ளது. ஒருமுறை நடந்து முடிந்ததற்கு அப்லோ. வழக்கமாக நடந்துவந்ததற்கு, தொடக்கமும் முடிவும் சுட்டாத அப்லாப. இவற்றுள் பின்னதைத் தமிழ் எதிர்கால வடிவத்தாலேயே சொல்கிறது என்பதை இலக்கண மாணவர் பலர் கவனிப்பதில்லை. 'அந்தக் காலத்தில் தாத்தா இந்தத் திண்ணையில் உட்கார்ந்து பேசுவார்' என்னும்போது தாத்தா காலமாகி நெடுநாள் ஆகியிருக்கலாம். வினை மட்டும் இன்னும் வரவிருக்கிறது. இதன் விளைவை ரிச்சர்ட்ஸ் டவுனில்தான் முழுமையாகக் காண முடிகிறது. மங்கி டாப் எனப்படும் மரச்சட்டக் கூம்பு முகப்போடு நின்ற ஓட்டு பங்களாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்து அடுக்குமாடிகள் எழுந்துவரும் தெருக்களில், ஒரே தகரவேலியின் முன் இருவர் நிற்கின்றனர். பழைய குடியிருப்பாளர், "இங்க ஒரு மாமரம் இருக்கும்" என்கிறார். வீட்டுத் தரகர், "இங்க ஒரு ஸ்விம்மிங் பூல் இருக்கும்" என்கிறார். இருவரின் வினைமுற்றும் ஒன்றே. உகரத்திலும் மகரத்திலும் வேறுபாடு எள்ளளவும் இல்லை. மரம் போய்விட்டது, குளம் வரவில்லை, வாக்கியம் இரண்டும் இலக்கணப்படி சரியானவை. ஸ்பானியத்தில் முன்னவர் அப்லாப வரிசையிலும் பின்னவர் அப்லரா வரிசையிலும் கட்டாயம் பிரிந்து நிற்க வேண்டியிருக்கும்; வாங்க வந்தவரும் உண்மையை அறிந்துகொள்வார். ஆகவே தரகர்கள் தமிழ் பேசுவதும் வாங்குவோர் ஸ்பானியம் கற்பதும் அவரவர்க்கு நன்மை தருவனவாகும். அப்லோ வரிசைக்கு இவ்வேலியின் முன் ஒரே பயன்தான் உண்டு: "இடிச்சாங்க."

விழைவுப்பாங்கை இந்திய மாணவர் மிகவும் அஞ்சுகின்றனர், அச்சம் தேவையில்லை. 'ஒஹலா' என்ற சொல்லைத் தொடர்ந்து ஆப்லெ என்னும் விழைவு வடிவம் வந்தால் 'அவர் பேசினால் நன்றாயிருக்கும்' என்பது பொருள். ஒஹலா என்பது இறைவனின் விருப்பத்தைச் சுட்டும் அரபுத் தொடரிலிருந்து ஸ்பானியத்துக்கு வந்தது. பக்கத்து ஃப்ரேசர் டவுனின் மாஸ்க் ரோடில் 'இன்ஷா அல்லா' என்று கேட்டுப் பழகிய செவிக்கு இது வேற்றூர்ச் சொல்லாகத் தோன்றாது. தண்ணீர் லாரி எப்போது வரும் என்ற வினாவுக்கு உறுதிப்பாங்கில் விடையளிப்பவர் அங்கும் இங்கும் இல்லை. ஏவற்பாங்கு பற்றி விரித்துரைக்க ஒன்றுமில்லை. வாயிற்கதவு முன் வண்டி நிறுத்தாதே என்ற பலகைகள் அதற்குப் போதும்.

எஞ்சுவது விழைவுப்பாங்கின் எதிர்காலம். அப்லாரெ என்று தொடங்கும் இந்த ஆறு வடிவங்களும் இன்றைய பேச்சில் இறந்துபட்டு, பழமொழிகளிலும் சட்ட வாசகங்களிலும் மட்டும் மூச்சு விடுகின்றன. மாணவர்க்குப் பெரும்பாலும் கற்பிப்பதே இல்லை. தமிழில் இதன் உடன்பிறப்பு, பத்திரத்துக்கு வெளியே எவர் வாயிலும் வராத 'தவறும் பட்சத்தில்' என்னும் தொடராகும். பதினொரு மாத வாடகை ஒப்பந்தம் உள்ளவரை இக்காலத்துக்கு அழிவில்லை.

'இரு' என்பதற்கும் 'செல்' என்பதற்கும் ஸ்பானியத்தில் உள்ள வினைகள் ஒழுங்கற்றவை. அவை தமக்குள் ஒரே இறந்தகாலத்தைப் பங்கிட்டுக்கொள்வதால், ஒருவர் இன்னாராக இருந்தாரா, போய்விட்டாரா என்பதை வினையை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. இத்தகைய வினைகள் இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே உள்ளன. அவற்றைப் பக்கத்துக் காக்ஸ் டவுன் அறிஞர்கள் எடுத்துக்கொள்ளலாம்.