கம்மல் கடைக் கண்ணாடியின் அகலமும் விற்பனையும்: விருதுநகர் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. நோக்கம்

கைவேலை நகைக் கடையில் வியாபாரத்தைத் தீர்மானிப்பது எது? விலை என்பார் கணக்குப் பார்ப்பவர். டிசைன் என்பார் செய்தவர். நேரம் சரியில்லை என்பார் பக்கத்து ஸ்டால் ஊறுகாய்க்காரர். மூவரையும் மறுத்து, கடையில் தொங்கும் முகம் பார்க்கும் கண்ணாடியின் அகலமே தீர்மானிக்கிறது என்று நிறுவ முற்படுகிறது இக்கட்டுரை.

2. களம்

பங்குனிப் பொங்கலை ஒட்டி விருதுநகரில் நடக்கும் பொருட்காட்சி, மகளிர் திட்டத்தின் கல்லூரிச் சந்தை, சுயஉதவிக் குழுக்களுக்கென்று அவ்வப்போது போடப்படும் விற்பனை ஸ்டால்கள் ஆகியவை ஆய்வுக்களங்கள். 1989இல் தருமபுரியில் தொடங்கிய குழு இயக்கம் மாவட்டம் மாவட்டமாகப் பரவியபோது அப்பளம், மசாலாப் பொடிக்கு நடுவே கம்மலுக்கும் ஒரு மேசை கிடைத்தது. மேசை என்றால் பாதி மேசை. மறுபாதியில் மாங்காய் ஊறுகாய். எண்ணெய்க் கையோடு ஜிமிக்கியைத் தொடுபவர்களைத் தடுப்பது எப்படி என்பது தனி ஆய்வுக்குரியது.

கூட்டம் கூடும் நாள் ஞாயிறு. சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆபீஸிலும் தீப்பெட்டி ஆபீஸிலும் சம்பளம் சனிக்கிழமை என்பது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. வெடிமருந்து அறையில் பருத்திச் சேலைதான். உரசிப் பொறி வரக்கூடிய எதற்கும் உள்ளே இடமில்லை. வாரம் முழுக்கப் பொறி பறக்காமல் பார்த்துக்கொள்வதே வேலையாக இருப்பவருக்கு ஞாயிற்றுக்கிழமையாவது காதில் ஏதாவது மினுங்க வேண்டும்.

3. சரக்கு

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது காகித ஜிமிக்கி. மூன்று மில்லிமீட்டர் அகலக் காகிதப் பட்டைகளை ஒன்றன் முனையில் ஒன்றாக ஒட்டி, ஊசி முனையில் கொடுத்து இறுகச் சுற்றினால் பொத்தான் போல் ஒரு வட்டு வரும். அதை நடுவில் பெருவிரலால் மெல்ல அமுக்கிக் குடை போலாக்கி, உட்புறம் பசை தடவிக் காயவைத்து, வார்னிஷ் அடித்து, கீழே முத்து கோத்துக் கொக்கி மாட்ட வேண்டும். அமுக்குவதில் அவசரப்பட்டால் குடை ஸ்பிரிங் மாதிரி அவிழ்ந்து மடியில் விழும்.

“எம்பது ரூவாயா? காகிதந்தானக்கா?” என்பது இதன்மேல் எழும் முதல் ஆட்சேபம். வேறு ஊரில் கேட்டால் பொறுத்துக்கொள்ளலாம். காகிதத்தில் சாமியை அச்சடித்தால் காலண்டர், மருந்தை வைத்துச் சுற்றினால் வெடி என்று காகிதத்தாலேயே பிழைக்கும் பூமியில் கேட்கலாமா?

4. முறை

இரண்டு கண்ணாடிகள் மாறி மாறித் தொங்கவிடப்பட்டன. ஒன்று உள்ளங்கை அகலம், சிவப்பு பிளாஸ்டிக் சட்டம். மற்றது பழைய பீரோக் கதவிலிருந்து கழற்றியது. வந்தவர்களை எண்ணவில்லை, எண்ணினால் வியாபாரம் படுக்கும் என்று மூத்த ஆய்வாளரான என் மாமியார் எச்சரித்திருந்தார்.

5. கண்டறிந்தவை

பீரோக் கண்ணாடி மாட்டிய வேளைகளில் பார்த்தவர் அதிகம், வாங்கியவர் குறைவு. சின்னக் கண்ணாடியில் இது தலைகீழ். காரணம் எளிது. சின்னக் கண்ணாடியில் ஒரு காது, அரைக் கன்னம், ஒரு ஜிமிக்கி மட்டுமே தெரியும். பெரிய கண்ணாடியிலோ கூட வந்தவரின் முகமும் தெரியும். கம்மலை அழகில்லை என்று சொன்ன கண்ணாடி இதுவரை கிடையாது. சொல்வது கூட வந்தவரின் உதடு. அவர் நான்கு வகைப்படுவார்.

மதினி: “நல்லாத்தான் இருக்கு” என்று நிறுத்தி, மூச்சு விட்டு, “ஒனக்கு எடுக்குமான்னுதான் பாக்கேன்” என்று முடிப்பார்.

அம்மா: “வீட்டுல கெடக்கறதப் போட்டுத் தீரு முதல்ல.”

கணவர்: நிமிர்ந்து பாராமல் “சரி, வாங்கு” என்பார். சம்மதம்தான்; ஆனால் பாராமல் சொன்ன சம்மதத்தில் கம்மல் வாங்கும் பெண் இவ்வட்டாரத்தில் இல்லை.

குழந்தை: பஞ்சு மிட்டாய் கேட்டு அழும். இதற்கு எந்த அகலக் கண்ணாடியும் பயன்படாது.

6. முற்சான்று

எம் கருத்துக்கு மாவட்டத்துக்குள்ளேயே பழஞ்சான்று உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரில் பெருமாளுக்குக் கட்டிய மாலையைச் சூடி ஆண்டாள் அழகு பார்த்த இடம் என்று கோயிலில் கண்ணாடிக் கிணறு ஒன்றைக் காட்டுகிறார்கள். கிணற்றை எட்டிப் பார்த்தால் பார்ப்பவர் முகம்தான் தெரியும். பக்கத்தில் ஒரு தோழி நின்று, “துளசி கொஞ்சம் தூக்கலா இருக்கேடி” என்றிருந்தால் சூடிக் கொடுத்தவள் என்ற பெயருக்கே இடமிருந்திருக்காது.

7. மறுப்பும் விடையும்

செல்போன் வந்தபின் கண்ணாடி எதற்கு என்று கல்லூரிச் சந்தை மாணவிகள் கேட்கலாம். அவர்கள் காதில் ஜிமிக்கியை வைத்துப் படமெடுத்து அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, “அம்மா இன்னும் பாக்கலக்கா” என்று கடையை அடைத்துக்கொண்டு நிற்கிறார்கள். வீட்டில் இருப்பவரையும் கூட வந்தவராக்கும் இக்கருவி, பீரோக் கதவைவிட அகலமான கண்ணாடி என்றே கொள்ளத் தகும்.

8. எதிர்பாராத முடிவு

சின்னக் கண்ணாடியே சிறந்தது என்று இத்துடன் முடித்திருக்கலாம். ஆனால் மறுநாள் ஒரு மதினி தனியாக வந்தார். முந்தின நாள் அவர் வேண்டாம் என்று கை காட்டிய அதே ஊதா ஜிமிக்கியைக் கேட்டார். இது விதிவிலக்கன்று, பின்னர் பல மதினிமாரிடம் உறுதியானது. வேண்டாம் என்பவர் கம்மலை வெறுப்பவர் அல்லர், அடுத்தவர் காதில் அதைப் பார்க்கப் பொறாதவர்.

9. பரிந்துரை

எனவே கடைக்காரர்கள் எந்த டிசைனையும் இரண்டு ஜோடியாகச் செய்வது நல்லது: ஒன்று பிடித்திருக்கிறது என்பவருக்கு, மற்றது வேண்டாம் என்பவருக்கு. இருவரும் அதைப் போட்டுக்கொண்டு ஒரே கல்யாணத்துக்குப் போனால் என்ன ஆகும் என்பது இக்கட்டுரையின் எல்லைக்குள் வராது. விற்ற சரக்கைத் திரும்ப வாங்குவதும் இல்லை.