திருப்தியாகப் போய்ச் சேர்ந்தவர்கள்

காஞ்சிபுரத்தில் பட்டு வாங்குகிறவர் ஜரிகையைச் சுரண்டி, உள்ளே சிவப்புப் பட்டிழை தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். ஆபரேஷன் முடிந்தவர் உள்தையலை எங்கே சுரண்டுவார்? அவர் கண்ணுக்குத் தெரிந்தது கழிப்பறையும் டாக்டரின் முகமும்தான். 2016 முதல் மத்திய அரசின் ‘மேரா அஸ்பதால்’ திட்டம் நோயாளிகளிடம் குறுஞ்செய்தியிலும் போனிலும் விசாரிப்பதிலும் இவை உண்டு. அமெரிக்காவில் 2012-ல் வெளியான ஓர் ஆய்விலோ, மிகத் திருப்தியாக இருந்த நோயாளிகளிடம் செலவும் அதிகம். இறப்பு 26 சதவீதம் அதிகம். (செத்தவர் குறை சொல்வதில்லை என்பது வேறு வசதி.) திருப்தியா கொன்றது என்று கேட்டால், நியாயம்தான், தொடர்பு வேறு, காரணம் வேறு. அதற்காக நோயாளியைக் கேட்கவே வேண்டாமா? கேட்கத்தான் வேண்டும். மருந்தை விளக்கினார்களா, வார்டில் காசு பிடுங்கினார்களா என்பதற்கு அவரைவிட நல்ல சாட்சி கிடையாது. தையலுக்குச் சாட்சி கிருமித்தொற்று, மறு ஆபரேஷன் கணக்குகள். அவற்றை மட்டும் யாரும் நமக்குக் குறுஞ்செய்தியில் அனுப்புவதில்லை.