ஸ்டார் ஹாஷ் பூஜ்யம் ஆறு

போன் தொலைந்தால் பதற வேண்டாம். ஒவ்வொரு கைபேசிக்கும் ஐஎம்இஐ என்று 15 இலக்க எண் ஒன்று உண்டு. ஸ்டார், ஹாஷ், பூஜ்யம், ஆறு, ஹாஷ் என்று அழுத்தினால் திரையில் வந்து நிற்கும். எந்தத் திரையில் என்று மட்டும் கேட்காதீர்கள்.

2023 மே மாதம் முதல் நாடு முழுவதற்குமாக, தொலைந்த போன்களை முடக்கும் சிஇஐஆர் தளம் இயங்குகிறது. போலீஸ் புகார் நகலோடு அந்த எண்ணைக் கொடுத்தால், திருடர் எந்த சிம்மைப் போட்டாலும் போன் வேலை செய்யாது. நல்ல ஏற்பாடுதான், குறை சொல்லக் கூடாது. ஓடிபி வர மட்டும் ஒரு நம்பர் கேட்கும். நம்முடையது தொலைந்த போனுக்குள் இருக்கிறது. மாற்று சிம் வாங்கினாலோ, மோசடியைத் தடுக்கிறேன் என்று முதல் 24 மணி நேரம் குறுஞ்செய்தி வராது. தம்பி நம்பரைக் கொடுக்கலாம்தான். அது யாருக்கு மனப்பாடம்?

சரி, பக்கத்து வீட்டுக் கணினியில் கூகுளைத் திறந்து போனைத் தேடலாமென்றால், “நீங்கள்தானா? உங்கள் போனில் ‘ஆம்’ என்று தட்டுங்கள்” என்கிறது. தட்டும் தூரத்தில் இருப்பவர் திருடர் ஒருவர்தான்.

அந்த 15 இலக்கம் போன் வாங்கிய அட்டைப்பெட்டியிலும் அச்சாகியிருக்கும். பெட்டியைப் போன தீபாவளிக்கே பழைய பேப்பர்காரரிடம் போட்டாயிற்று.