அடைப்புக்குறி போட ஆளைக் காணோம்

என்னலே தம்பி, மூஞ்சியைத் தொங்கப் போட்டு உக்காந்திருக்கே? பைத்தான் விக்கியில ஒரு பத்தி எழுதுனியாம், ஒருத்தன் வந்து அழிச்சானாம். நீ திரும்பப் போட்டியாம், இன்னொருத்தன் திரும்ப அழிச்சானாம். என்ன குத்தம்னு கேட்டா, தலைப்புல எழுத்து பெருசாப் போயிட்டாம். இதுக்கா ராத்திரி பூரா தூங்கல? நல்லவேளை, வெட்டுக்குத்து நடக்கல!

விக்கியை 1995-ல ஆரம்பிச்சு வெச்சது வார்டு கன்னிங்ஹாம்ங்கிற அமெரிக்கக்காரர். நிரல் எழுதுதவங்க தங்களுக்குத் தெரிஞ்சதைக் கூடிச் சொல்லிக்கிடட்டும்னுதான் ஆரம்பிச்சாரு. நீங்க என்னடான்னா அங்க போயி கால்புள்ளிக்குக் கச்சை கட்டுதீய!

விதி வேண்டாம்னு நான் சொல்வேனா? ஊர் கூடித் தேர் இழுத்தா, முட்டுக்கட்டை போடவும் ஆளு வேணும்லா? இல்லேன்னா தேரு எவன் வீட்டுத் திண்ணையிலயாவது ஏறிரும். அதுக்காவ, கட்டையைச் சக்கரத்துக்கு அடியில திணிச்சிட்டு, கட்டைக்கே மாலை போட்டுக் கும்பிட்டா தேரு என்னைக்கு நிலைக்கு வரும்?

2001-ல, பைத்தான் நிரல்மொழியை உருவாக்குன கைடோ வான் ராசமும் கூட்டாளிகளும், நிரலை எப்படி எழுதணும்னு பெப் 8-னு ஒரு விதிமுறை எழுதுனாங்க. வரிக்கு 79 எழுத்து. உள்ள தள்ள 4 இடைவெளி. ஏன் 79? அந்தக் காலத்துத் திரையில வரிக்கு 80 எழுத்துதான் கொள்ளும். அதுக்கும் முன்ன, 1928-லயே ஐபிஎம்காரன் துளையட்டையில 80 நெடுவரிசை வெச்சான். அட்டையும் போச்சு, திரையும் அகலமாச்சு. 80-வது எழுத்தைக் கண்டா உனக்கு மட்டும் ஏம்லே உடம்பு நடுங்குது? குழு ஒத்துக்கிட்டா 99 வரைக்கும் போயிக்கோன்னு அந்தப் பெப்பே சொல்லுது. எங்க விதியை விடணும்னும் தெரிஞ்சுக்கோன்னு ஆரம்பத்துலயே புத்தியும் சொல்லுது. அந்தப் பக்கத்தை எவன் படிச்சான்?

சரி, ஒண்ணு கேக்கேன். பழைய பக்கத்துல ஒரு உதாரணம் கெடக்குன்னு வெச்சுக்கோ. பிரிண்ட், பக்கத்துல மேற்கோளுக்குள்ள வணக்கம். அடைப்புக்குறி இல்ல. பைத்தான் 2-ல அது ஓடும், 3-ல ஓடாது. 2-க்கோ 2020 சனவரி 1-லயே பால் ஊத்தியாச்சு. புதுசாப் படிக்க வந்த பிள்ளை அதை அப்படியே தட்டுது, பிழைன்னு வருது. நமக்குத்தான் மண்டையில ஒண்ணுமில்ல போலன்னு கண்ணைக் கசக்குது.

அந்தப் பக்கத்தை யாரெல்லாம் திருத்தியிருக்கான்னு பாப்போமா? ஒருத்தன் டேபை எடுத்துட்டு இடைவெளி வெச்சிருக்கான். ஒருத்தன் வரியை மடக்கியிருக்கான். ஒருத்தன் தலைப்பைச் சின்ன எழுத்தாக்கியிருக்கான். நாலாவது வந்த மகராசன் மூணு பேரு செஞ்சதையும் அழிச்சிருக்கான். அடைப்புக்குறி போட மட்டும் ஆளைக் காணோம்! விதிச் சண்டையெல்லாம் ஜோரா நடக்கு, நிரல்தான் ஓடல. இது ஒரு பொழைப்பாலே?

கெழவன் சொல்லுதேன், கேட்டுக்கோ. மொதல்ல உதாரணத்தை ஓட்டிப் பாரு. ஓடலையா, சரி பண்ணு. பொறவு, படிக்கிறவனுக்குப் புரியுதான்னு பாரு. அடுத்தவன் எழுதுனதை அழிக்கதுக்கு முன்ன, ஏன்னு ஒரு வார்த்தை கேளு. நிரல்ல இடைவெளி எண்ணி அடுக்கதுக்குத்தான் பிளாக்னு ஒரு கருவியே இருக்கே! அது வரியை 88-ல மடக்கும். அந்தச் சண்டையை நாளைக்கு வெச்சுக்கிடுங்க.

எண்ணுத வேலை மெஷினுக்கு. யோசிக்கிற வேலை உனக்கு. போ, போயி அந்த அடைப்புக்குறியைப் போடு.