ஸ்க்ரூவைப் பார்த்த பிறகுதான் காபி

பெண் பார்க்கப் போய்ப் பெண்ணைப் பார்க்காமலே திரும்பியவர் என்று எங்கள் தெருவில் ஒருவருக்குப் பெயர். மகனுக்கு வரன் பார்க்கத்தான் போனார். போன வீட்டுக் கூடத்து மூலையில், பித்தளைப் புனலோடு ஒரு கிராமபோன் நின்றிருந்தது. சொஜ்ஜி வந்தது, பஜ்ஜி வந்தது, பெண்ணும் வந்து நமஸ்காரம் பண்ணிவிட்டு உள்ளே போய்விட்டாள். மனிதர் அந்தப் பெட்டிக்குப் பின்னால் மண்டியிட்டு டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இதுல பிளஸ் ஸ்க்ரூ எப்படி வந்தது?"

அந்தச் சம்பந்தம் அத்தோடு சரி.

அவரைப் புனல் மாமா என்போம். ஊருக்கு ஒருவராவது இப்படி இருக்கிறார். மற்றவர்கள் பேனா செருகும் சட்டைப்பையில் இவர் ஒரு லென்ஸ் வைத்திருப்பார். இடுப்பு மடிப்பில் சின்னக் காந்தம். காந்தம் புனலில் ஒட்டினால் உள்ளே இரும்பு, வெளியே பித்தளைப் பூச்சு. "அப்போ போலிதானே மாமா?" என்று முந்திக்கொண்டீர்களோ, தொலைந்தீர்கள். கறுப்புப் பெயின்ட் அடித்த தகரப் புனல்கள் அந்தக் காலத்தில் எத்தனை வந்தன, பூவிதழ் மாதிரி பட்டை பட்டையாக இணைத்த புனல்கள் எத்தனை என்று முக்கால் மணி நேரப் பாடம் நடக்கும்.

பேச்சுவாக்கில் "பழைய போனோகிராஃப்" என்று சொல்லிவிட்டால் அது தனி வகுப்பு. எடிசன் 1877-ல் செய்தது போனோகிராஃப், அதில் சுழல்வது உருளை. பெர்லினர் பத்து வருஷம் கழித்துக் கொண்டுவந்தது கிராமபோன், அதில் சுழல்வது தட்டு. இரண்டையும் ஒன்று என்பவரை, நாதஸ்வரத்தையும் கிளாரினெட்டையும் ஒன்று என்றவரைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்.

வீட்டுக்காரர்கள் சொல்லும் பூர்வீகக் கதைகள்தான் அவருக்கு மிகவும் பிடித்த தீனி. "எங்க கொள்ளுத்தாத்தா 1880-ல வாங்கினது சார்." மாமா விரல் மடக்குவார். 1880-ல் கிராமபோனே பிறக்கவில்லை. கிராமபோன் கம்பெனியின் கெய்ஸ்பர்க் துரை கல்கத்தாவுக்கு வந்து பாடகி கௌஹர் ஜானைப் பாடவைத்துப் பதிவு செய்தது 1902-ல். அந்தத் தட்டுகளையும் ஜெர்மனியில் ஹானோவருக்கு அனுப்பி அச்சடித்துத்தான் கொண்டுவந்தார்கள். கல்கத்தாவிலேயே தொழிற்சாலை வந்தது 1908-ல். "உங்க கொள்ளுத்தாத்தா இருபத்திரண்டு வருஷம் எந்த நாட்டுப் பாட்டைக் கேட்டுண்டிருந்தார்?" வீட்டுக்காரர் தண்ணீர் குடிக்க உள்ளே போவார். திரும்பி வரமாட்டார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், மாமா பெரும்பாலும் சொல்வது சரிதான். ஓட்டல் வரவேற்பறையிலும் கல்யாண மண்டப மேடையிலும் பளபளவென்று நிற்கிற புனல் பெட்டிகள் அநேகமாக நம் நாட்டிலேயே பிறந்தவை. செய்முறை எளிது. புனல் கிராமபோன் காலம் முடிந்தபிறகு சூட்கேஸ் மாதிரி மூடி எடுத்துப்போகும் எச்.எம்.வி. பெட்டிகள் வந்தன அல்லவா, அதில் ஒன்றின் வயிற்றைக் கிழித்து மோட்டாரை எடுக்கிறார்கள். எட்டுப் பட்டையில் புதிதாக ஒரு மரப்பெட்டி. மேலே குழாய்க்காரர் மாட்டியதுபோல் தடித்த ஒரு பித்தளைக் கை. வாசலில் அண்டா கவிழ்த்த மாதிரி ஒரு புனல். முன்னால் எச்.எம்.வி.யின் நாய் படம். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இதற்கு வைத்திருக்கும் கேலிப் பெயரை மாமா தமிழாக்கி வைத்திருக்கிறார்: குப்பைபோன். "நாய் எவ்வளவு பெரிசோ அவ்வளவு போலி" என்பது அவர் கண்ட சூத்திரம்.

பிளஸ் ஸ்க்ரூ விவகாரமும் நியாயமானதே. அந்தத் தலை அமெரிக்காவில் பரவியதே 1930-களில்தான். வெளியே புனல் நீட்டிய கிராமபோனுக்கு அதற்குள் வயதாகிவிட்டது. ரிப்பேர்காரர் யாராவது மாற்றியிருக்கலாமே என்று ஒருமுறை கேட்டேன். "ஒண்ணு மாறலாம். எட்டும் மாறுமா?" என்றார், கூட்டுக் களவைக் கண்டுபிடித்த இன்ஸ்பெக்டர் தொனியில்.

அவரை மடக்க என்னிடம் ஒரே ஓர் ஆயுதம் உண்டு. அந்த நாய் படம். நிப்பர் என்கிற அந்த நாய் 1895-ல் செத்துப்போனது. எசமானின் தம்பி பிரான்சிஸ் பராட், நாயை நினைவிலிருந்து வரைந்தபோது எதிரே வைத்தது எடிசன் வகை உருளைப் பெட்டியை. கறுப்புப் புனலுக்குப் பதில் பளிச்சென்று பித்தளைப் புனல் ஒன்றை வைத்து வரையலாமே என்று 1899-ல் கிராமபோன் கம்பெனிக்குப் போய் இரவல் கேட்டார். அவர்களோ, பெட்டியையே மாற்றி எங்கள் கிராமபோனாக வரைந்து கொடுத்தால் படத்தை வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். மாற்றினார். நூறு பவுண்டு வாங்கினார். வெளிச்சம் சாய்வாக விழுந்தால் புது வண்ணத்துக்கு அடியில் பழைய உருளைப் பெட்டியின் சாயல் தெரியுமாம்.

"ஆக, உலகத்தின் முதல் குப்பைபோனே அந்த நாய் எதிரே இருக்கிறதுதானே மாமா?"

மாமா நீண்ட நேரம் யோசித்தார். பிறகு சொன்னார்: "அது படம்டா. அதுல ஸ்க்ரூ கிடையாது."

இனி அவருடைய சொந்தப் பெட்டி. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில், பழஞ்சாமான் கடைகளில் மூன்று வருஷம் அலைந்து வாங்கியது. புனல் அசல், பெட்டி அசல், சாவிக் கைப்பிடியின் மரக்குமிழ் வரை அசல். ஆனால் வாங்கும்போதே சவுண்ட் பாக்ஸ் இல்லை. ஊசியின் நடுக்கத்தை வாங்கி அபிரக வில்லையில் அதிரவைத்துச் சத்தமாக்குகிற அந்த வட்டப் பகுதிதானே கிராமபோனின் தொண்டை. வேறு எதையாவது மாட்டிக்கொள்ளலாமே என்றால், "கிழவனுக்கு அடுத்தவன் பல்செட்டா?" என்பார். ஆகவே இருபது வருஷமாக அந்தப் பெட்டி பாடவில்லை. ஞாயிறுதோறும் சாவி கொடுப்பார். தட்டின் விளிம்பில் ஒரு காகிதத் துண்டைச் செருகி, கடிகாரத்தைப் பார்த்தபடி சுற்றுகளை எண்ணுவார். நிமிஷத்துக்கு எழுபத்தெட்டு. சரியாக இருந்தால் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. பக்கத்து அறையில் மாமி செல்போனில் கே.பி. சுந்தராம்பாள் பாட்டு கேட்டுக்கொண்டிருப்பாள்.

போன தை மாதம் என் அத்தைப்பாட்டியைப் பார்க்கக் கும்பகோணம் போனபோது, புத்தி கெட்டுப்போய் மாமாவையும் அழைத்துப்போனேன். பாட்டியின் பிள்ளை பம்பாயில் வேலையாக இருந்தபோது சோர் பஜாரில் வாங்கிக் கொடுத்த புனல் பெட்டி ரேழியில் இருந்தது. காபியைக் கையில் வாங்காமலே மாமா ஆரம்பித்தார். பெட்டி புதுசு. புனல் புதுசு. கை குழாய்க்கடைச் சரக்கு. மோட்டார் வேறெதிலிருந்தோ பிடுங்கியது. நாய், ஸ்டிக்கர். ஒவ்வொன்றுக்கும் பாட்டி "அப்படியா" என்றாள். எண்பத்தேழு வயது, நிறைய டாக்டர்களைப் பார்த்தவள்.

பிறகு எழுந்துபோய்ச் சாவி கொடுத்து, கிட்டப்பா தட்டு ஒன்றை வைத்தாள். கரகரப்புக்கு நடுவே குரல் கிளம்பி உத்தரம்வரை போயிற்று. மாமா வாயடைத்து நின்றார். பாட்டுக்காக என்று நினைத்தேன். அவர் லென்ஸை எடுத்தார். தட்டு முடிந்ததும் சவுண்ட் பாக்ஸை மெல்லத் திருப்பி, பின்பக்கத் தகட்டில் 'எக்ஸிபிஷன்' என்று வெட்டியிருந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். இறுகிக் கல்லாகிப்போன ரப்பரை முகர்ந்துகூடப் பார்த்தார். குரல் கம்மியது.

"அத்தை, இது ஒண்ணு மட்டும் அசல். நூறு வயசு இருக்கும். இதை எனக்குக் குடுங்கோ. பதிலுக்குப் பளபளன்னு புதுசா ஒண்ணு மாட்டித் தரேன்."

"புதுசுன்னா போலியா?"

மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

"இவ்வளவு நேரம் போலி போலின்னு வைதே. இருக்கிற ஒரே அசலையும் நீ எடுத்துண்டு போயிட்டா?" பாட்டி தட்டை மறுபக்கம் திருப்பினாள். "பக்கத்துக்கு ஒரு ஊசி மாத்தணும்பா. கண்ணு சரியாத் தெரியலை. வேணும்னா அதை மாத்திக் குடு."

மாமா பையிலிருந்து ஊசி டப்பாவை எடுத்தார்.