நரைக்கு என்ன பயம்?

கேள்வி: ஐம்பத்திரண்டு வயதாகிறது. தலைக்கு டை அடிப்பதை நிறுத்திவிட்டு நான் நானாகவே இருக்க ஆசை. தைரியம்தான் வரமாட்டேன் என்கிறது. என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: படத்தில் விக்கோடு வரும் ரஜினி, மேடைக்கு வழுக்கையும் வெள்ளைத் தாடியுமாக வருகிறார். விசில் இரண்டுக்கும்தான். 2011-இல் ‘மங்காத்தா’வில் அஜித் நரைத்த தலையோடு வந்தார். அதுவரை அப்பா வேடத்துக்கென்று ஒதுக்கி வைத்திருந்த நரைக்கு, ‘சால்ட் அண்ட் பெப்பர்’ என்று மவுசு வந்துவிட்டது.

ஆனால் இதெல்லாம் ஆம்பளைக் கணக்கு. அவர்களுக்கு நரைத்தால் ஸ்டைல், உங்களுக்கு நரைத்தால், “உடம்புக்கு ஏதாவது பண்ணுதாம்மா?” நாட்டையே ஆண்ட இந்திரா காந்தியின் தலையில்கூட, பேர் வாங்கியது நெற்றிக்கு மேலிருந்த அந்த ஒரு வெள்ளைப் பட்டைதான்! எனவே அஜித்தைவிட உங்களுக்குத் தைரியம் கூடுதலாகத்தான் வேண்டும்.

முடி மாதத்துக்கு ஏறக்குறைய அரை அங்குலம் வளரும். நாலாவது மாதம்தான் சோதனை. மேலே வெள்ளை, நடுவில் செம்பட்டை, கீழே கறுப்பு என்று தலை ஏதோ கட்சிக்கொடி மாதிரி இருக்கும். கூட்டணிக்குக் கூப்பிட்டாலும் கூப்பிடுவார்கள். குட்டையாக வெட்டிக்கொண்டால் சீக்கிரம் தாண்டிவிடலாம். கும்பகோணத்தில் அதற்குத் தனியாக ஒரு தைரியம் வேண்டும்!

ஊர் பேசும்தான். அடுத்த தெருவில் யாராவது ஓடிப்போகும் வரை.

மீதி டை பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வீட்டுக்காரர் இத்தனை நாளும் உங்களுக்குத் தெரியாமல் அதிலிருந்துதான் மீசைக்குத் தடவிக்கொண்டிருந்தாரோ, என்னவோ!