உயரம் வேறு, பிடிமானம் வேறு

கே: டெக்சாஸில் இருக்கிறேன். என்னிடம் 1999 ஃபோர்டு எஃப்-250 இருக்கிறது. 7.3 லிட்டர் டீசல். இன்ஜின் சக்தி பின்சக்கரங்களுக்கு மட்டும்தான். இதைத் தூக்கி, ஃபோர்-வீல் டிரைவாகவும் மாற்ற முடியுமா?

ப: முடியும். வரிசையாகச் சொல்கிறேன், உட்கார்ந்து படியுங்கள். முன்னால் இருக்கும் இரட்டை ஐ-பீம் அமைப்பைக் கழற்ற வேண்டும். ஃபோர்டு 1965 முதல் நம்பிவரும் உறுதியான அமைப்புதான் அது. ஆனால் முன்சக்கரத்தைச் சுழற்ற அதில் வழி கிடையாது. அந்த இடத்தில் டானா 50 அல்லது டானா 60 ஆக்ஸில் வரும். அதைத் தாங்கப் பட்டை ஸ்பிரிங், பட்டையை மாட்ட சேஸிஸில் புதிய பிராக்கெட்டுகள், ஸ்டீயரிங் பாக்ஸ், அதன் கம்பிகள், பிரேக் ஹோஸ்கள் எல்லாம் கூடவே வரும். அடுத்தது கியர்பாக்ஸ். ஃபோர்-வீல் வண்டியில் அதன் பின்பக்க ஷாஃப்ட்டும் மூடியும் வேறு. அதற்குப் பின்னால் டிரான்ஸ்ஃபர் கேஸ். இந்த மாடலுக்கு லீவர் போட்டு மாற்றுவது என்வி271, பொத்தானை அழுத்தி மாற்றுவது என்வி273. முன்னால் புதிதாக ஒரு புரொப்பல்லர் ஷாஃப்ட் வேண்டும்; பின்னால் இருப்பதன் நீளத்தையும் மாற்ற வேண்டும். கடைசியாக, இவ்வளவும் நடந்துவிட்டது என்று வண்டியின் கம்ப்யூட்டருக்கும் தெரிவிக்க வேண்டும்.

பழைய வண்டியில் மாறாமல் மிஞ்சுவது இன்ஜின், கேபின், பின் ஆக்ஸில், கடன் பாக்கி.

கே: அதற்கு ஃபோர்-வீல் வண்டியாகவே ஒன்றை வாங்கிவிடலாமே?

ப: பாதி பேர் இந்தக் கேள்வியை வேலை முடிந்த பிறகுதான் கேட்கிறார்கள். நீங்கள் முன்னதாகவே கேட்டுவிட்டீர்கள், பாராட்டுகள். ஆமாம், இருப்பதை விற்றுவிட்டு ஃபோர்-வீல் வண்டி வாங்குவதுதான் பெரும்பாலும் மலிவு.

விதிவிலக்கு ஒன்று உண்டு. ஒஹையோ, மிஷிகன் போன்ற வடக்கு மாநிலங்களில் பனிக்காலத்தில் சாலையில் உப்பு போடுவார்கள். பனி உருகும், கூடவே வண்டியின் அடிப்பாகமும் கரையும். அங்கே ஃபோர்-வீல் பிக்கப் நிறையக் கிடைக்கும். துருப்பிடிக்காத சேஸிஸ்தான் கிடைக்காது. டெக்சாஸில் துருவே காணாத வண்டியும் நல்ல டீசல் இன்ஜினும் வைத்திருப்பவர், வடக்கிலிருந்து ஒரு துருப்பிடித்த வண்டியை மொத்தமாக வாங்கி, ஆக்ஸிலையும் டிரான்ஸ்ஃபர் கேஸையும் பிரித்தெடுத்தால் கணக்கு கட்டுப்படியாகலாம். உதிரி உதிரியாக வாங்கினால் கட்டாது.

கே: வாங்கும் வண்டியின் சேஸிஸ் நன்றாக இருந்தால்?

ப: அப்போது வேலையைத் திருப்பிப் போடுங்கள். உங்கள் கேபினையும் இன்ஜினையும் அந்தச் சேஸிஸில் ஏற்றுங்கள். புதிதாக பிராக்கெட் அடிக்கும் வேலை முழுக்க மிச்சம். ஆனால் கேபினில் ஓர் அடையாள எண்ணும் சேஸிஸில் வேறோர் எண்ணும் வரும். ஸ்பானரை எடுப்பதற்கு முன் உங்கள் மாநில மோட்டார் வாகன அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கே: இப்படி மாற்றுவதெல்லாம் இந்தக் காலத்துப் பிள்ளைகளின் கிறுக்குதானே?

ப: உங்கள் தாத்தா காலத்துக் கிறுக்கு. இண்டியானாபொலிஸில் இருந்த மார்மன்-ஹெரிங்டன் நிறுவனம் 1935-இலேயே ஃபோர்டு டிரக்குகளை எல்லாச் சக்கரமும் இயங்கும்படி மாற்றிக் கொடுத்தது. மினியாபொலிஸின் நாப்கோ நிறுவனம் செவர்லே, ஜிஎம்சி வண்டிகளுக்குப் பவர்-பேக் என்ற பெயரில் மாற்றுப் பெட்டியே விற்றது. 1957-இல் செவர்லே அதைத் தன் தொழிற்சாலையிலேயே பூட்டிக் கொடுத்தது. ஃபோர்டு தானே ஃபோர்-வீல் பிக்கப் தயாரிக்க 1959 ஆனது, செவர்லேக்கு 1960. அன்று வேறு வழி இல்லாததால் மாற்றினார்கள். இன்று பழைய வண்டிச் சந்தை முழுக்க வழி இருக்கிறது, இருந்தும் மாற்றுகிறோம். கிறுக்கு என்று சொல்வதானால் இந்த இரண்டாவது பகுதியைச் சொல்லலாம்.

கே: வண்டியை ஆறு அங்குலம் தூக்கிவிட்டால் சேற்றில் மாட்டாதல்லவா?

ப: மாட்டும். கொஞ்சம் உயரத்திலிருந்து மாட்டும்.

டீசல் பிக்கப்பில் எடை எல்லாம் முன்னால். காலியான பின்பக்கம் ஈரப் புல்லில்கூட வழுக்கும். தூக்குவதால் அந்த எடை பின்னால் போய்விடாது. நல்ல ஆல்-டெரெய்ன் டயர், பின் ஆக்ஸிலில் ஒரு லாக்கர், தொட்டியில் நாலு மூட்டை மணல், மண்ணில் இறங்கும்போது டயரில் கொஞ்சம் காற்றுக் குறைப்பு: இவ்வளவையும் செய்து பாருங்கள். ஃபோர்-வீல் வேண்டும் என்று வருகிற பலருக்கு உண்மையில் வேண்டியது இதுதான். அதற்கும் அடங்காத சேறு உங்கள் பாதையில் இருந்தால் அப்போது ஆக்ஸிலைப் பற்றிப் பேசலாம்.

கே: பாடி லிஃப்ட், சஸ்பென்ஷன் லிஃப்ட்: என்ன வித்தியாசம்?

ப: பாடி லிஃப்ட் என்றால் சேஸிஸுக்கும் உடலுக்கும் நடுவே கட்டை வைத்து உடலை மட்டும் தூக்குவது. வழக்கமாக 1 முதல் 3 அங்குலம் வரை. பெரிய டயருக்கு இடம் கிடைக்கும். சேஸிஸ் இருந்த இடத்தில்தான் இருக்கும். சஸ்பென்ஷன் லிஃப்ட்டில் ஸ்பிரிங்கை மாற்றிச் சேஸிஸையே உயர்த்துகிறார்கள். ஆனால் எந்த லிஃப்ட் போட்டாலும் தரைக்கு மிக அருகில் தொங்கும் டிஃபரன்ஷியல் ஓர் அங்குலமும் உயராது. அதை உயர்த்துவது டயர் மட்டுமே, அதுவும் விட்டம் கூடியதில் பாதி அளவுக்குத்தான். 32 அங்குல டயரைக் கழற்றி 37 போட்டால் டிஃபரன்ஷியலுக்குக் கிடைப்பது இரண்டரை அங்குலம். மீதி உயரமெல்லாம் பக்கத்து வண்டிக்காரர் பார்ப்பதற்கு.

கே: 37 அங்குல டயர் போட்டதிலிருந்து வண்டி மேட்டில் முனகுகிறது. இன்ஜின் போய்விட்டதா?

ப: இன்ஜினைத் திட்டாதீர்கள். பெரிய டயர் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் ஓடும். அதற்கான சுமையை இன்ஜின்தான் சுமக்கிறது. உங்கள் ஆக்ஸில் விகிதம் 3.73, பழைய டயர் 32 அங்குலம் என்றால், இப்போது அந்த 3.73 ஏறக்குறைய 3.23 போல வேலை செய்கிறது. பழைய இழுவை திரும்ப வேண்டுமானால் 3.73-ஐ 37-ஆல் பெருக்கி 32-ஆல் வகுங்கள். 4.31 வரும். கடையில் கிடைக்கும் 4.30 பல்சக்கர செட் அதற்குச் சரியாக இருக்கும்.

இன்னொன்று. ஸ்பீடோமீட்டர் 60 மைல் காட்டும்போது நீங்கள் 69-இல் போய்க்கொண்டிருக்கிறீர்கள். போலீஸ்காரரிடம் இந்தக் கணக்கை விளக்க முயல வேண்டாம்.

கே: பின்னால் 4.30 போட்டுவிட்டேன். முன்னால் 3.73 இருந்தால் பரவாயில்லையா?

ப: பரவாயில்லை, ஃபோர்-வீலில் போடாத வரை. போட்டால், ஓர் ஓட்டக் காளையையும் ஓர் உழவு மாட்டையும் ஒரே நுகத்தில் பூட்டிய கதைதான். எது முதலில் முறியும் என்று பந்தயம் கட்டலாம். முன்னும் பின்னும் ஒரே விகிதம் வேண்டும்.

கே: விகிதம் ஒன்றே. வறண்ட தார்ச்சாலையில் ஃபோர்-வீலில் போகலாமா?

ப: கூடாது. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் போகும். இந்த வகை டிரான்ஸ்ஃபர் கேஸ் இரண்டு ஷாஃப்ட்டையும் ஒன்றாகப் பூட்டிவிடுகிறது. சேற்றிலும் பனியிலும் டயர் லேசாக வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தாரில் வழுக்காது. முறுக்கு முழுக்க ஷாஃப்ட்டிலும் ஜாயிண்ட்டிலும் ஏறும்.

கே: தூக்கினால் அதிகச் சுமை இழுக்குமா?

ப: வண்டி உயரும், டிரைவர் கதவோரம் ஒட்டிய ஸ்டிக்கரில் உள்ள எடை உயராது. புதிதாகப் பூட்டிய ஆக்ஸிலும் டிரான்ஸ்ஃபர் கேஸும் அந்த எடையிலிருந்து பல நூறு பவுண்டைத் தின்றுவிடும்.

கே: முன் ஸ்பிரிங்குக்கு அடியில் இரும்புக் கட்டை வைத்தே தூக்கித் தருவதாகப் பட்டறைக்காரர் சொல்கிறார். மலிவு.

ப: பட்டறையை மாற்றுங்கள். பின் ஆக்ஸிலில் ஒற்றைக் கட்டை, கம்பெனியே வைத்த வழக்கம்தான். கட்டைமேல் கட்டை கூடாது. திருப்புகிற முன் ஆக்ஸிலில் எந்தக் கட்டையும் கூடாது. அங்கே வளைவு கூடிய பட்டைதான் சரி, அதுவும் டீசல் இன்ஜினின் எடையைத் தாங்கும் பட்டை.

கே: தூக்கிய பிறகு நெடுஞ்சாலையில் ஒரு பள்ளத்தில் இறங்கினால் ஸ்டீயரிங் தலைவிரித்து ஆடுகிறது. டாம்பர் மாற்றினால் போதும் என்கிறார்களே?

ப: இதற்கு அமெரிக்கர்கள் வைத்த பெயர் டெத் வாபிள். பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது. தூக்கும்போது முன் ஆக்ஸிலின் காஸ்டர் கோணம் மாறும். அதோடு தேய்ந்த பால் ஜாயிண்ட், டை ராடு, டிராக் பார் புஷ் ஏதாவது சேர்ந்தால் இந்த ஆட்டம் தொடங்கும். ஆடும்போது பதறி பிரேக்கை மிதிக்காமல் மெல்ல வேகத்தைக் குறையுங்கள், அடங்கும். டாம்பர் ஆட்டத்தை மறைக்கும், காரணத்தைத் தீர்க்காது. கோணத்தைச் சரிசெய்து, தேய்ந்ததை மாற்றுங்கள்.

கே: முன்பக்கத்தை மட்டும் தூக்கி, பின்பக்கத்தைத் தாழ்த்தினால் ஸ்டைலாக இருக்குமே?

ப: இருக்கும். ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும். பானெட்டுக்கு முன்னால் நிற்கும் குழந்தை டிரைவர் கண்ணுக்குத் தெரியாது. கரோலினா ஸ்குவாட் என்று பேர் வாங்கிய இந்த மோஸ்தரை வட கரோலினா 2021 டிசம்பரில் தடை செய்தது. முன் ஃபெண்டர் பின்னதைவிட 4 அங்குலமோ அதற்கு மேலோ உயர்ந்தால் குற்றம். வர்ஜீனியா 2022-இலும் தென் கரோலினா 2023-இலும் தடை விதித்தன.

கே: கணவர் இன்னொரு பழைய டிரக்கை வாங்கிவந்து வாசலில் நிறுத்தியிருக்கிறார். "உதிரிக்காக" என்கிறார். நம்பலாமா?

ப: நம்பலாம் அம்மா, அவர் சரியான வழியில்தான் போகிறார். முழு வண்டியாக வாங்கியதால் ஒவ்வொரு போல்ட்டுக்கும் கடை கடையாக அலைய வேண்டாம். ஆனால் ஒரு தேதி குறித்து வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குள் ஆக்ஸில் இந்த வண்டிக்கு ஏறாவிட்டால், இரண்டையும் விற்றுவிட்டு ஓடுகிற ஃபோர்-வீல் வண்டி ஒன்றை வாங்கச் சொல்லுங்கள். ஏறிவிட்டால், லிஃப்டையும் புதிய டயரையும் மறைக்காமல் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவிக்கச் சொல்லுங்கள். விபத்துக்குப் பிறகு அவர்களே கண்டுபிடித்தால் செலவு உங்கள் வீட்டில்தான் விழும்.